சர்க்கரைத் தண்ணியில இருந்து ஹைட்ரஜன்: பயோஹைட்ரஜன் ப்ராஜெக்ட் எடுத்தவங்களுக்கு ஒரு கைடு

பயோடெக், மைக்ரோபயாலஜி, கெமிக்கல் படிக்கிற பசங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு பயோஹைட்ரஜன்னு தலைப்பு எடுத்துட்டு எங்க ஆரம்பிக்கிறதுன்னு தெரியாம முழிக்கிறதை வருஷா வருஷம் பாக்குறேன், அவங்களுக்காகத்தான் இதை எழுதுறேன். பாக்டீரியாவை வச்சு ஹைட்ரஜன் வரவைக்கிறது பெரிய வித்தை இல்லைங்க, எல்லாம் சரியா செட் பண்ணா ஒரு நாளுக்குள்ள குமிழி வந்துரும். ஆனா வந்த கேஸ்ல ஹைட்ரஜன் எவ்வளவு, அதுக்கு எவ்வளவு சர்க்கரை செலவாச்சுன்னு கணக்கு சொல்றதுதான் நிஜமான வேலை. அதனால இந்த கைடுல அளக்குற பகுதி கொஞ்சம் நீளமாவே இருக்கும், பொறுமையா படிங்க.

முதல்ல யாரோட வேலையைப் படிக்கணும்னு சொல்லிடுறேன். ஐஐடி கரக்பூர்ல பயோடெக்னாலஜி துறையில இருந்த பேராசிரியர் தேபப்ரத தாஸ். பாக்டீரியா வழி ஹைட்ரஜன்ல இந்தியாவுல ஒருத்தரை மட்டும் படிக்க நேரம் இருக்குன்னா நான் அவரைத்தான் சொல்வேன். அவங்க லேப்ல இலைச் சாறுல இருந்து பிரிச்சு எடுத்த ஒரு பாக்டீரியா, என்டரோபாக்டர் குளோயேசி, அதுக்கு ஐஐடி-பிடி 08-னு பேர் வச்சாங்க. 2000-ல வந்த அவங்க பேப்பர்ல, ஒரு மோல் குளுக்கோஸுக்கு 2.2 மோல் ஹைட்ரஜன், ஒரு மோல் சுக்ரோஸுக்கு 6 மோல், வேகம்னு பாத்தா சுக்ரோஸ்ல ஒரு லிட்டருக்கு ஒரு மணி நேரத்துல 35.6 மில்லிமோல். 36 டிகிரி சூடு, பிஎச் 6, இந்த நிலைமையிலதான் அது நல்லா வேலை செஞ்சது. இந்த நம்பர்களை நோட்டுல எழுதி வச்சுக்கங்க, பின்னாடி திரும்ப வருவோம்.

இருட்டா வெளிச்சமா?

நிறைய பேர் பாசின்னா பச்சையா அழகா இருக்கும், சூரிய வெளிச்சம் இலவசம்னு அந்தப் பக்கம் போயிடுறாங்க. பாசி ஹைட்ரஜன் விடும்ங்கிறது புதுசு இல்ல, சிகாகோ யுனிவர்சிட்டியில ஹான்ஸ் காஃப்ரானும் ஜாக் ரூபினும் 1942-லயே காட்டிட்டாங்க. சிக்கல் என்னன்னா, ஹைட்ரஜனை உண்டாக்குற ஹைட்ரஜனேஸ் என்சைம் ஆக்சிஜன் பட்டா செத்துரும், ஆனா வெளிச்சத்துல பாசி விடுறதே ஆக்சிஜனைத்தான். 2000-ல பெர்க்லியில அனஸ்டாசியோஸ் மெலிஸ் குழு கொலராடோ லேப்ல இருந்தவங்களோட சேந்து ஒரு வழி கண்டுபிடிச்சாங்க, கிளமிடோமோனாஸ் பாசிக்கு சல்ஃபர் குடுக்காம பட்டினி போட்டா ஆக்சிஜன் விடுற பகுதி ரிப்பேர் ஆக முடியாம படுத்துரும், பாசி விடுற ஆக்சிஜனை அதோட சுவாசமே தின்னுரும், அப்புறம் ரெண்டு மூணு நாளைக்கு ஹைட்ரஜன் வரும். ரொம்ப அழகான சயின்ஸ், எனக்கு இன்னைக்கும் அதைப் படிச்சா ஆச்சரியம்தான். ஆனா வேகம் ஒரு லிட்டருக்கு மணிக்கு 2 மில்லி சொச்சம்தான். மேல சொன்ன 35.6 மில்லிமோலை மில்லியா மாத்துனா கிட்டத்தட்ட 800 மில்லி. ஆறு மாச ப்ராஜெக்ட்டுக்கு எது தோதுன்னு நீங்களே பாத்துக்கங்க. வெளிச்சமே வேண்டாம், சர்க்கரை இருந்தா போதும்ங்கிற இந்த வழிக்குப் பேர்தான் டார்க் ஃபெர்மென்டேஷன்.

கிருமி எங்க கிடைக்கும்

தனி கல்ச்சர், அதாவது ஒரே வகை பாக்டீரியாவை மட்டும் வளத்தது, வாங்க முடிஞ்சா வாங்குங்க, முடியலன்னா கவலை வேண்டாம், சாண எரிவாயு கலன்ல இருந்து வர்ற ஸ்லரி, அந்தக் கூழ் மாதிரி கழிவு, போதும். கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துல காத்தில்லாம ஓடுற டைஜெஸ்டர் சகதியும் ஆகும். ஆனா அதை அப்படியே போட்டா உங்களுக்கு ஹைட்ரஜன் வராது, மீத்தேன்தான் வரும், ஏன்னா அதுல மீத்தேன் உண்டாக்குற கிருமிங்க இருக்கு, அதுங்களுக்கு ஹைட்ரஜன்னா சாப்பாடு, ஒருத்தன் உண்டாக்க உண்டாக்க இன்னொருத்தன் தின்னுட்டே இருப்பான்.

இதுக்குத்தான் ஹீட் ட்ரீட்மென்ட். ஸ்லரியை வலை போட்டு வடிகட்டி வைக்கோல் நார் எல்லாம் எடுத்துட்டு, கொதிக்கிற வாட்டர் பாத்ல அரை மணியில இருந்து ஒரு மணி நேரம் வரைக்கும் வைங்க, நடுநடுவுல கலக்கி விடுங்க, ஓரம் மட்டும் சூடாகி நடுவுல பச்சையா இருந்துரக் கூடாது. மீத்தேன் கிருமிக்கு ஸ்போர், அதாவது சூடு தாங்குற கெட்டி உறைக்குள்ள தூங்குற நிலை, கிடையாது, செத்துரும். நமக்கு வேண்டிய கிளாஸ்ட்ரிடியம் வகையறா ஸ்போரா மாறி தப்பிச்சுக்கும், ஆறுனதும் சர்க்கரையைப் பாத்து முளைச்சுக்கும். என்டரோபாக்டருக்கு ஸ்போர் கிடையாது, அதனால தனி கல்ச்சர் வச்சிருக்கவங்க இதைப் பண்ணவே கூடாது, பண்ணா எல்லாம் போச்சு.

இன்னொண்ணு, கொதிக்க வச்சா எதிரி எல்லாம் ஒழிஞ்சதுன்னு நினைச்சுராதீங்க. ஹைட்ரஜனையும் கார்பன் டை ஆக்சைடையும் சேத்து அசிட்டிக் ஆசிட் ஆக்குற ஒரு கூட்டம் இருக்கு, ஹோமோ அசிட்டோஜென்னு சொல்வாங்க, அதுல நிறைய ஸ்போர் உள்ளதுங்க, சூட்டுல சாகாது. முதல் நாள் ஏறுன ஹைட்ரஜன் அடுத்த நாள் குறைஞ்சிருந்தா, லீக் இல்லன்னு உறுதி பண்ணிட்டீங்கன்னா, இதுங்களைத்தான் சந்தேகப்படணும். கேஸை உள்ளேயே தேங்க விடாம அப்பப்ப எடுத்துட்டா இந்தத் தொல்லை குறையும்.

மீடியம்

ஐஐடி-பிடி 08 மாதிரி கல்ச்சர்னா தாஸ் லேப்ல பயன்படுத்துன மீடியமே (கிருமி வளர்ற சத்துக் கரைசல்) சுலபம், ஒரு லிட்டருக்கு குளுக்கோஸ் 10 கிராம், மால்ட் எக்ஸ்ட்ராக்ட் 10 கிராம், ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட் 4 கிராம். மால்ட் எக்ஸ்ட்ராக்ட்லயும் சர்க்கரை இருக்குங்கிறதை மறக்காதீங்க, ஈல்டு (ஒரு மோல் சர்க்கரைக்கு எத்தனை மோல் ஹைட்ரஜன்) கணக்கு போடும்போது அதைச் சேக்கலன்னா உங்க நம்பர் பொய்யா உயரும். ஸ்லரி கிருமிக்கு நான் சொல்றது இன்னும் எளிமை, குளுக்கோஸ் 10 கிராம், ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட் 2 கிராம், பாஸ்பேட் பஃபர் 50 மில்லிமோலார், கூட ஒரு சிட்டிகை ஃபெரஸ் சல்பேட், எடை போட்டா 0.1 கிராம். இரும்பு எதுக்குன்னா ஹைட்ரஜனேஸோட மையத்துலயே இரும்புதான் இருக்கு. குளுக்கோஸை மட்டும் தனியா ஆட்டோகிளேவ் பண்ணி (பிரஷர் நீராவியில கிருமி நீக்கி) பின்னாடி கலந்து விடுங்க, எல்லாத்தையும் ஒண்ணா போட்டா பழுப்பா மாறிரும், அப்புறம் சர்க்கரை அளவும் சரியா இருக்காது.

ஆரம்ப பிஎச் 6.5 வைங்க. கிருமி ஆசிட் விட விட அது கீழ இறங்கும், 5.5 வரைக்கும் பரவாயில்ல, அதுக்குக் கீழ போனா சோம்பிடும், 4.5 பக்கம் போனா சில கிளாஸ்ட்ரிடியம் ஹைட்ரஜனை விட்டுட்டு பியூட்டனால், அசிட்டோன் பக்கம் திரும்பிரும். பியூட்டனாலும் எரிபொருள்தான், முதல் உலகப்போர் காலத்துல அசிட்டோனுக்காக ஃபேக்டரி கணக்குல ஓடுன ஃபெர்மென்டேஷன்தான் அது, ஆனா உங்க ப்ராஜெக்ட் அது இல்லையே, அதனால பிஎச்சை விடாம பாருங்க.

பாட்டில் செட் பண்றது

250 மில்லி சீரம் பாட்டில், கனமான கண்ணாடி, பியூட்டைல் ரப்பர் ஸ்டாப்பர், மேல அலுமினிய மூடி கிரிம்ப் பண்ணணும். சாதாரண ரப்பர் ஸ்டாப்பர் வேண்டாம், ஹைட்ரஜன் மாதிரி குட்டி மூலக்கூறு அதுல நைசா நழுவிரும். பலூன் மாட்டுறதைப் பத்தி யூடியூப்ல பாத்திருப்பீங்க, பலூன் உப்புறது காட்சிக்கு நல்லா இருக்கும், அளக்குறதுக்கு உதவாது, ஹைட்ரஜனும் போகும் கார்பன் டை ஆக்சைடும் போகும்.

மீடியம் ஊத்தி, அதுல பத்துல ஒரு பங்கு ஸ்லரி சேத்து, ஊசி வழியா நைட்ரஜன் விட்டு அஞ்சு நிமிஷம் காத்தை வெளியேத்துங்க, வெளிய போக இன்னொரு ஊசி கண்டிப்பா குத்தியிருக்கணும். ரெசாசுரின் டை துளி சேத்தா ஆக்சிஜன் போச்சா இல்லையான்னு கண்ணாலயே தெரியும், நீலம் ரோஸாகி அப்புறம் நிறமே இல்லாம போகும். ரோஸ்லயே நிக்குதுன்னா இன்னும் ஆக்சிஜன் இருக்கு, சிஸ்டீன் ஹைட்ரோகுளோரைடு கொஞ்சம் சேத்தா இறங்கிரும். அப்புறம் 36 டிகிரியில ஷேக்கர்ல வச்சு மெதுவா ஆட்டுங்க. ஆட்டலன்னா ஹைட்ரஜன் தண்ணியிலயே தேங்கும், தேங்குனா கிருமி உண்டாக்குறதைக் குறைச்சுக்கும்.

மூணு மூணு பாட்டிலா வைங்க. கூடவே சர்க்கரை போடாத பாட்டில் ஒரு செட், இதை யாரும் விட்டுராதீங்க, ஸ்லரியே தன்னால கொஞ்சம் கேஸ் விடும், அதைக் கழிக்கணும்.

பிரஷர் விஷயத்துல ஜாக்கிரதை. மூடுன பாட்டில்ல ரெண்டு கிராம் சர்க்கரை நொதிச்சா பாட்டில் வெடிக்கிற அளவுக்குக் கூட கேஸ் சேரலாம். நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை சிரிஞ்ச் குத்தி கேஸை எடுங்க இல்லன்னா டியூப் போட்டு வெளிய விடுங்க. ராத்திரி யாரும் இல்லாம மூடி வச்சுட்டுப் போகாதீங்க. ஹைட்ரஜன் காத்துல 4 சதவீதத்துல இருந்து 75 சதவீதம் வரைக்கும் எந்த அளவுல கலந்திருந்தாலும் பத்திக்கும், சின்ன ஸ்பார்க் போதும், மணமும் கிடையாது, பகல்ல அதோட தீ கண்ணுக்கே தெரியாது. இதெல்லாம் காத்தோட்டமான லேப்ல, உங்க ப்ராஜெக்ட் கைடு சார் கூட இருக்கும்போது பண்ற வேலை, வீட்டு கிச்சன்ல வேண்டவே வேண்டாம். என்டரோபாக்டர் குளோயேசி உடம்பு பலவீனமா இருக்கவங்களுக்கு நோய் குடுக்கக் கூடியது, க்ளவுஸ் போடுங்க, முடிச்சதும் ஆட்டோகிளேவ் பண்ணாம எதையும் சிங்க்ல ஊத்தாதீங்க.

அளக்குறது

காலேஜ்ல ஜிசி (கேஸ் குரோமட்டோகிராஃப், கேஸ் கலவையைப் பிரிச்சு அளக்குற மெஷின்) இருந்தா பாக்கியசாலி. கேஸ் சூட்டைக் கடத்துற அளவை வச்சு அளக்குற டிசிடி டிடெக்டர் வேணும், கேரியர் கேஸா ஆர்கான் இல்ல நைட்ரஜன் போடுங்க, ஹீலியம் வேண்டாம், ஹீலியமும் ஹைட்ரஜனும் சூட்டைக் கடத்துறதுல கிட்டத்தட்ட ஒரே மாதிரி, பீக் சரியா வராது. ஜிசி வச்சு பண்றவங்க ஒரு கணக்கு விடாம போடணும், பாட்டில் மேல் காலி இடத்துல இப்ப இருக்கிற ஹைட்ரஜன், அது கூட இதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் வெளிய எடுத்த கேஸ்ல இருந்த ஹைட்ரஜன், ரெண்டையும் கூட்டுனாதான் மொத்தம். வெளிய எடுத்ததை மட்டும் எழுதுனா குறைச்சுக் காட்டுவீங்க.

ஜிசி இல்லாதவங்களுக்கு தண்ணியை இடம்பெயர்க்கிற முறை இருக்கு. பாட்டில்ல இருந்து டியூப், நடுவுல காஸ்டிக் பொட்டாஷ் கரைசல் உள்ள ஒரு பாட்டில், அது கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சிக்கும், அதுல இருந்து கவுத்து வச்ச அளவு சிலிண்டருக்கு. சிலிண்டர்ல சும்மா தண்ணி வேண்டாம், உப்பை முடிஞ்ச மட்டும் கரைச்சு ரெண்டு சொட்டு ஆசிட் விட்ட தண்ணி வைங்க, கேஸ் அதுல கரைஞ்சு கணக்கைக் கெடுக்காது. இந்த முறையில பாட்டில் காலி இடத்தை முடிஞ்ச அளவு சின்னதா வைங்க, 250 மில்லி பாட்டில்ல 200 மில்லி மீடியம் ஊத்துங்க. ஏன்னா காலி இடத்துல தங்கிப்போன கார்பன் டை ஆக்சைடு பொட்டாஷ் கிட்டயே வந்திருக்காது, ஆனா அது தள்ளிவிட்ட நைட்ரஜன் சிலிண்டருக்கு வந்து ஹைட்ரஜன் மாதிரி வேஷம் போடும். காலி இடம் பெருசா இருந்தா உங்க ரீடிங்ல கணிசமான பகுதி நைட்ரஜனா இருக்கும். மீத்தேனும் பொட்டாஷ்ல நிக்காது, அதனால ஒரு தடவையாவது வெளிய எங்கயாவது ஜிசி உள்ள இடத்துல சாம்பிள் குடுத்து மீத்தேன் இல்லன்னு பாத்துருங்க.

இப்ப கணக்கு. உதாரணத்துக்கு 200 மில்லி மீடியம், அதுல 2 கிராம் குளுக்கோஸ். பொட்டாஷ் தாண்டி சேந்த கேஸ் 240 மில்லி, சர்க்கரை போடாத பாட்டில்ல 20 மில்லி, கழிச்சா 220. லேப் சூடு 30 டிகிரின்னா அந்த கேஸ்ல சுமார் 4 சதவீதம் நீராவிதான், அதைக் கழிச்சா 211 மில்லி. 30 டிகிரியில ஒரு மோல் கேஸ் 24.9 லிட்டர் புடிக்கும், 22.4 போடாதீங்க, அது பூஜ்ஜியம் டிகிரிக்கு உள்ளது, அப்படியே போட்டுட்டா பத்து சதவீதத்துக்கு மேல கூடக் காட்டும். 211-ஐ 24.9-ஆல வகுத்தா 8.5 மில்லிமோல் ஹைட்ரஜன். அடுத்து மீதி சர்க்கரை, டிஎன்எஸ் முறையில (சர்க்கரை பட்டா நிறம் மாறுற கரைசல்) 540 நானோமீட்டர்ல அளந்தா 0.3 கிராம் மிச்சம்னு வச்சுக்கங்க, அப்ப செலவானது 1.7 கிராம், அதை 180-ஆல வகுத்தா 9.4 மில்லிமோல். ஈல்டு 0.9 மோல். போட்ட மொத்த சர்க்கரைக்குக் கணக்கு பண்ணா 0.76-தான் வரும், ரெண்டுல எது சொல்றீங்கன்னு ரிப்போர்ட்ல தெளிவா எழுதுங்க. ஸ்லரி கிருமியில 1-ல இருந்து 2 மோல் வரைக்கும் வந்தா நல்ல ரிசல்ட், 0.9-னு வந்தாலும் கணக்கு சுத்தமா இருந்தா தலை நிமிந்து வைவா போகலாம்.

யாராவது குளுக்கோஸ்ல 4-க்கு மேல காட்டுனா அங்கேயே நின்னு கேளுங்க. ஒரு குளுக்கோஸ் ரெண்டு அசிட்டிக் ஆசிடா உடைஞ்சா 4 ஹைட்ரஜன், பியூட்டிரிக் ஆசிடா போனா 2-தான், இருட்டுல பண்ற நொதித்தலுக்கு 4-தான் கூரை. அப்ப தாஸோட 6 எப்படின்னு கேப்பீங்க, அது சுக்ரோஸுக்கு. சுக்ரோஸ்ல ரெண்டு சர்க்கரை ஒட்டியிருக்கு, அதுக்குக் கூரை 8, ஒரு சர்க்கரைக்குன்னு பிரிச்சா 3. பேப்பர்களை ஒப்பிட்டு டேபிள் போடும்போது குளுக்கோஸையும் சுக்ரோஸையும் ஒரே நெடுவரிசையில எழுதி வைக்கிறதை நிறைய ரிப்போர்ட்ல பாக்குறேன், தயவுசெஞ்சு வேண்டாம். சுக்ரோஸ் டிஎன்எஸ்ல நேரடியா நிறம் குடுக்காது, ஆசிட் போட்டு உடைச்சுட்டுத்தான் அளக்கணும், இதுவும் ஞாபகம் இருக்கட்டும்.

தேங்கா நார்

பேட்ச் பாட்டில் நல்லா வந்துருச்சு, இன்னும் மூணு மாசம் இருக்குன்னா தாஸும் நரேந்திர குமாரும் 2001-ல பண்ணதை முயற்சி பண்ணுங்க. கிருமியை ஓடுற தண்ணியோட அடிச்சுட்டுப் போகாம நிறுத்தி வைக்க விலையுயர்ந்த பாலிமர் எதையும் தேடாம, வைக்கோல், கரும்புச் சக்கை, தேங்கா நார் மூணையும் போட்டுப் பாத்தாங்க, தேங்கா நார்தான் ஜெயிச்சது. நாரை அடைச்ச ரியாக்டர் குழாய் வழியா மீடியத்தைத் தொடர்ந்து விட்டாங்க, அதுலயும் நேரான குழாயை விட, நடுவுல அகலமாகி மறுபடி குறுகுற வடிவத்துல உள்ள ரியாக்டர்ல கேஸ் தேங்காம வெளிய போச்சு, வேகம் லிட்டருக்கு மணிக்கு 75.6 மில்லிமோல் வரைக்கும் ஏறுச்சு, பழைய 35.6-ஐ விட ரெண்டு மடங்குக்கும் மேல. நம்ம ஊர்ல கயிறு திரிக்கிற இடத்துல சும்மா கேட்டா குடுக்குற பொருள் இது. பண்றவங்க நாரை சின்னதா வெட்டி, பழுப்புச் சாயம் இறங்குறது நிக்கிற வரைக்கும் சுடுதண்ணி மாத்தி மாத்தி ஊற வச்சு, ஆட்டோகிளேவ் பண்ணி அடைங்க, அந்தச் சாயத்துல உள்ள டானின் கிருமிக்கு ஆகாது. முதல்ல கிருமி உள்ள மீடியத்தை ரெண்டு நாள் சுத்த விட்டு நார்ல ஒட்ட வச்சுட்டு, அப்புறமா புது மீடியத்தை மெதுவா ஓட்டுங்க.

குளுக்கோஸ் வாங்கிப் போட்டு ஹைட்ரஜன் எடுத்தா யாருக்கும் கட்டுப்படி ஆகாது, அதனால கழிவுக்கு மாறணும். மொலாசஸ், சேலம் பக்கம் ஜவ்வரிசி ஆலைத் தண்ணி, ஹாஸ்டல் மெஸ் சோறு, எதுவும் எடுக்கலாம், ஆனா ஒரு நேரத்துல ஒண்ணு. சென்னையில முருகப்பா செட்டியார் ஆராய்ச்சி மையத்துக்காரங்க 2008-ல டிஸ்டில்லரி கழிவுநீரை வச்சு 100 கனமீட்டர் ரியாக்டர்ல பண்ணியிருக்காங்க, சிட்ரோபாக்டர், என்டரோபாக்டர், ரோடோசூடோமோனாஸ் மூணு கிருமியையும் சேத்து. சாராய ஆலைக் கழிவுல இருந்து அந்த அளவுல எடுக்க முடிஞ்சிருக்குன்னா அதைப் படிக்காம விடலாமா. ஸ்டார்ச் உள்ள கழிவுன்னா சர்க்கரையா உடைய நேரம் எடுக்கும், குமிழி வர தாமதமானா பதறாதீங்க.

கடைசியா பாட்டில்ல மிஞ்சுற புளிச்ச தண்ணி. இதைக் கொட்டுறவங்கதான் அதிகம், எனக்கு அதுதான் மனசுக்குக் கஷ்டமா இருக்கும். ஒரு குளுக்கோஸை முழுசா உடைச்சா 12 ஹைட்ரஜன் வரணும், நாம எடுக்குறது அதிகபட்சம் 4, மீதி அத்தனையும் அசிட்டிக், பியூட்டிரிக் ஆசிடா அந்தத் தண்ணியிலதான் இருக்கு. ரெண்டு வழி இருக்கு. ஊதா நிற பாக்டீரியா வச்சு வெளிச்சத்துல அந்த ஆசிட்ல இருந்தும் ஹைட்ரஜன் எடுக்கலாம், அழகான வழி, ஆனா அம்மோனியா கொஞ்சம் கூட இருந்தாலே நின்னுரும், வேகமும் கம்மி. இன்னொண்ணு சுலபமானது, பிஎச்சை 7-க்குக் கொண்டு வந்து, கொதிக்க வைக்காத அதே சாண ஸ்லரியை இன்னொரு பாட்டில்ல போட்டு இந்தத் தண்ணியை ஊத்துங்க, முன்னாடி நாம எதிரின்னு விரட்டுன மீத்தேன் கிருமிங்களுக்கு இதுதான் விருந்து. ரெண்டு வாரம் விட்டு மீத்தேனை அளந்து, முதல் பாட்டில் ஹைட்ரஜனோட சேத்து மொத்தம் எத்தனை கிலோஜூல் வந்துச்சுன்னு ஒரே டேபிள்ல போடுங்க, ஹைட்ரஜனுக்கு ஒரு மோலுக்கு 286, மீத்தேனுக்கு 890. போட்ட குளுக்கோஸ்ல ஒரு மோலுக்கு சுமார் 2,800 இருந்துச்சு, அதுல எவ்வளவு திரும்ப எடுத்தீங்கங்கிறது அந்த டேபிளோட கடைசி வரியா வரட்டும்.